ஹன்னெஸுக்கு ஒரு கோட்டு

பிராண்டிஸ் துரை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றார். போன வருடம் தைத்த பிரபு வேஷத்து மேல்சட்டை இந்த வருடம் இடுப்பில் நான்கு விரல்கடை போதவில்லை. கழற்றிப் பிரித்துத் தைக்க நேரமில்லாததால், உடம்பில் மாட்டியபடியே கண்டாசா விலாவில் ஒரு துணிப்பட்டையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் போலவே அந்த வீட்டு அடிமையான அவளுடைய கணவன் யெப்தா, நாடகத்தின் கையெழுத்துப் பிரதியோடு ஜன்னலோரம் நின்றான். வெளியே தென்கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. கேப் டவுன் மலையுச்சியில் படிந்த வெண்மேகம் விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது. மாலை ஆறு மணிக்குத் திரை தூக்க வேண்டும். இப்போது மணி இரண்டு. பிரபு வேஷக்காரருக்கு முதல் அங்கத்திலேயே ஒரு வரிகூட வாயில் நிற்கவில்லை.

"ஹன்னெஸ் தொப்பியைப் பத்திப் பேசினதும் நான் என்னடா சொல்வேன்?"

"'அந்தத் தொப்பிக்குள்ள இருக்கறது தலையா, முள்ளங்கியா?' எசமான்."

துரை முதல் தடவை கேட்பவர்போல் விழுந்து விழுந்து சிரித்தார். வயிறு குலுங்கியதில் கண்டாசா ஊசியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க எசமான், குத்திரும்," என்றாள்.

"நல்லா எழுதியிருக்கோம்டா யெப்தா. ஆம்ஸ்டர்டாம்ல மொழிபெயர்த்தவன் இந்த இடத்தைக் கொன்னு புதைச்சிருந்தான். மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது சொல்லு? மேடைக்குக் கீழே பெட்டிக்குள்ள நீ இருக்க. வசனத்தை எடுத்துக் குடுக்கற. நான் பேசறேன்." அதே மூச்சில், அதே சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டார்: "நம்ம டேலியாவுக்குச் செவ்வாய்க்கிழமை பத்து வயசு முடியுது, இல்ல?"

கண்டாசாவின் கை நின்றது. யெப்தா பிரதியிலிருந்து தலை தூக்கினான். தங்கள் மகள் பிறந்த நாளை அவர் நினைவு வைத்திருக்கிறார் என்பதே அவனுக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் துரைக்கு விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியரே கைவிட்டுப் போன பிறகு, கண்டாசா பன்னிரண்டு நாள் அவர் கட்டிலடியில் உட்கார்ந்து பார்லிக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பிழைக்கவைத்தாள். எழுந்து உட்கார்ந்த அன்று அவர் டேலியாவின் பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, "இந்தக் குழந்தைக்கு விடுதலை எழுதித் தரேன்" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி எழுதவுமில்லை, பேசவுமில்லை. இதோ, இப்போது அவரே ஆரம்பிக்கிறார்.

"ஆமாம் எசமான். செவ்வாய்க்கிழமை," என்றாள் கண்டாசா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"புதன்கிழமை ஹென்ரியெட்டாவோட வண்டி கிளம்புது. புகுந்த வீட்டுல பழகின முகம் ஒண்ணாவது வேணும்னு எம் பொண்ணு கேக்கறா. டேலியாவை அவளுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன், கல்யாணச் சீரா. பத்து வயசுக்குள்ள தாய்கிட்டேருந்து பிரிக்கக் கூடாதுன்னு சட்டம். அதான் மாப்பிள்ளை அவசரப்பட்டும் ஒரு வாரம் நிறுத்தி வெச்சேன். சட்டத்தை மதிக்காதவன்னு இந்த ஊர்ல ஒருத்தன் என்னைச் சொல்ல முடியாது."

ஹென்ரியெட்டாவின் மாப்பிள்ளை வீடு கிராஃப் ரெயினெட்டில் இருந்தது. மாட்டு வண்டியில் ஒரு மாதப் பாதை. அங்கே போன வேலைக்காரர் யாரும் திரும்பி வந்து கண்டாசா பார்த்ததில்லை. ஊசி அவர் விலாவுக்கும் சட்டைக்கும் நடுவே அப்படியே நின்றது. பிறகு மறுபடி போகத் தொடங்கியது. தையல் ஒன்றுகூடக் கோணவில்லை.

"எசமான்," என்றான் யெப்தா. "அந்தக் காய்ச்சல் சமயத்துல, குழந்தைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்க..."

துரை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். தாங்கமுடியாத அன்போடு அவன் தோளைத் தட்டினார். "நாடகம் முடியட்டும்டா. இன்னிக்கு என் தலைக்குள்ள வசனத்துக்கே இடமில்ல."

இருவரும் சமையலறைப் பக்கம் வந்ததும் கண்டாசா தையல்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கொல்லையில் ஹென்ரியெட்டாவின் கல்யாணப் பெட்டிகளுக்கு நடுவே டேலியா வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா, வண்டியில நான் முன்னால உக்காரலாமாம். ஹென்ரியெட்டா சின்னம்மா சொன்னாங்க. நீ எங்க உக்காருவ? அம்மா பின்னாலயா?"

"பாக்கலாம்மா. போய் வேலையைப் பாரு," என்றான். அவள் போன பிறகும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாடகம் முடியட்டுமாம்," என்றாள் கண்டாசா திரும்பாமலே. "முடிஞ்சா விருந்து. விருந்து முடிஞ்சா தலைவலி. தலைவலி முடிஞ்சா செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்குச் சந்தோஷமா இருப்பார். கைதட்டல் விழுந்தா மனசு இளகும். அப்பக் கேக்கறேன்."

"கேளு. கேட்டா ஒரு கோட்டு தருவார். அதைத்தானே நீ அவருக்குச் சொல்லிக் குடுத்த?"

அது யெப்தாவுக்குத் தைத்தது. தைக்கட்டும் என்றுதான் அவளும் சொன்னாள்.

அந்த நாடகம் ஜெர்மன் தேசத்தில், பொமரேனியப் பக்கத்தில் நடக்கும் கதை. கஞ்சப் பிரபு ஒருவர் பந்தயத்தில் தோற்று, ஒரு நாள் முழுக்கத் தன் பண்ணையடிமை ஹன்னெஸோடு இடம் மாறிக்கொள்கிறார். அடிமை பிரபுவாகிறான், பிரபு செருப்பு துடைக்கிறார். கடைசியில் புத்தி வந்து, ஹன்னெஸுக்கும் அவன் சந்ததிக்கும் விடுதலை கொடுக்கிறார். மூலப் புத்தகம் அப்படித்தான் முடிகிறது. ஆம்ஸ்டர்டாமில் அதை டச்சு மொழிக்குக் கொண்டுபோனவர், எங்கள் ஊரில் ஏது பண்ணையடிமை என்று ஹன்னெஸைச் சம்பளக்காரனாக்கி, விடுதலைக்குப் பதிலாக ஒரு காய்கறித் தோட்டத்தைக் கொடுத்தார். அந்தப் பிரதி கப்பலேறி, டச்சுக்காரர்களின் கிழக்குக் குடியேற்றமான பட்டேவியாவுக்குப் போய், அங்கே உள்ள துரைமார் ஆடியபோது, வேலைக்காரனுக்குத் தோட்டம் அதிகம் என்று ஒரு வெள்ளிக் கடிகாரமாகச் சுருங்கியது. கேப் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது கடிகாரமும் உறுத்தியது. துரை அந்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு, மூலத்திலிருந்தே புதிதாக எழுதத் தொடங்கினார்.

ஆறு வாரம், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துரை சோபாவில் சாய்ந்து, கப்பல் வைத்தியர் ஒருவர் விட்டுப்போன அட்டையில்லாத ஜெர்மன் புத்தகத்தை உரக்கப் படிப்பார். அந்த வீட்டில் பிறந்து அந்த பாஷையைக் கேட்டே வளர்ந்த யெப்தா கேட்கக் கேட்க டச்சு மொழியில் எழுதுவான். கடைசிக் காட்சியை மட்டும் துரை இருபது தடவையாவது படித்திருப்பார். பிறந்த ஜெர்மன் ஊரான லூபெக்கில் சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த நாடகம் அது. ஒவ்வொரு தடவையும் பிரபு விடுதலை தரும் இடத்தில் குரல் உடைந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைத்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "இதை இங்க ஆட முடியாதுடா. நாடக சபையில வெட்டிருவாங்க. ஹன்னெஸுக்கு வேற என்ன குடுக்கலாம்?" கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவன் யெப்தா. நாற்காலி முதுகில் துரையின் நீலக் கோட்டு தொங்கியது. "ஒரு கோட்டு குடுக்கலாம் எசமான்," என்றான். பிரமாதம் என்றார் துரை. விளம்பரத் தாளில் 'மொழிபெயர்ப்பு: திரு. பிராண்டிஸ்' என்று அச்சானது. அதைக்கூட யெப்தா பொருட்படுத்தவில்லை. தன் கையால், தன் எழுத்தால் விடுதலையை அடித்துவிட்டுக் கோட்டு என்று எழுதியதை மட்டும் அவனால் கண்டாசாவிடம் மறைக்க முடியவில்லை.

"யோவ்," என்றாள் அவள் இப்போது. குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அவர் வாயில நீ எதை வெச்சாலும் அப்படியே திருப்பிச் சொல்றவர்தானே?"

யெப்தாவுக்கு அவள் எங்கே போகிறாள் என்று புரிந்தது. "மேடையில சொன்னா சட்டமாயிடுமா? அது நாடகம்டி."

"ஆகாது. ஆனா ஊரே கேக்கும். லண்டன்லேருந்து அடிமைங்க விவகாரத்துக்குன்னு ஒரு அதிகாரி வந்திருக்காராமே, அவரும் வர்றார், முதல் வரிசையில. 'ஹன்னெஸ், உனக்கு விடுதலை'ன்னு இவர் தொண்டை கிழியச் சொல்லிட்டு, நாலாம் நாள் நம்ம பிள்ளையை வண்டியில ஏத்தினா ஊர் சிரிக்கும். இந்த மனுஷன் சாமிக்குப் பயப்படறாரோ என்னவோ, சிரிப்புக்குப் பயப்படுவார்."

"கண்டுபிடிச்சா என்னைத் தூண்ல கட்டிவெச்சு அடிப்பாங்க."

"ஆமா," என்றாள் கண்டாசா. அவள் அதை மென்மையாக்கவில்லை. "அடிப்பாங்க," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் தையல்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாடகக் கொட்டகையின் கதவுகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. கூரை இடுக்குகள் வழியாக வெயில் இன்னும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரே களேபரம். பெண்கள் மேடையேறாத சபை அது. பணிப்பெண் லிஸ்பெத்தாக நடிக்கும் சுங்கச்சாவடி குமாஸ்தா அட்ரியான் மீசையை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவனுக்குப் பாவாடை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கண்டாசாவின் வாயில் வரிசையாகக் குண்டூசிகள்.

"அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். மீசை திரும்ப வளருமா?"

"டேய், மீசை வெச்ச பொண்ணை நான் கட்டிக்கணுமா? எனக்கு மட்டும் மானமில்லையா?" என்றார் ஹன்னெஸ் வேஷம் போட்ட ரொட்டிக்கடை கோர்னேலிஸ். அகலமான மனிதர், நல்ல தமாஷ்காரர். ஜெர்மன் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. கடைசியில் மீசை மேல் மாவு பூசி மறைப்பதென்று சமாதானமானது.

யெப்தா குனிந்து மேடைக்கு அடியில் புகுந்து தன் பெட்டிக்குள் போய் நின்றான். மேடையின் முன்விளிம்பில் பாதி கவிழ்த்த பீப்பாய் மாதிரி ஒரு மரக்கூடு. அதற்குள் தலையும் தோளும் மட்டும் மேடை மட்டத்துக்கு வரும். முதுகுப் பக்கம் ஜனங்கள், எதிரே நடிகர்களின் செருப்புகள். ஒரு மெழுகுவத்தி, பிரதி, ஒத்திகைத் திருத்தங்களுக்கான மைக்கூடு, பேனா. நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனம் மட்டும்தான் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். முழு நாடகமும் இருப்பது அவன் ஒருவன் கையில். வழக்கம்போலத் துரை தன் தாள்களை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார். வசனம் மறந்தால் வலது காலை இரண்டு தடவை தட்டுவார். அவன் எடுத்துக் கொடுப்பான். அது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு.

கூட்டின் ஓரத்து விரிசல் வழியாகக் கொட்டகையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். முதல் வரிசையில் லண்டன் அதிகாரி, மெலிந்த உடம்பு, சிவந்த காதுகள். ஆங்கிலக் கொடி பறக்கத் தொடங்கி இருபது வருடமாகியும் இந்தத் துரைகளுக்கு டச்சு மொழி வரவில்லை. அவர் பக்கத்தில் ஜெர்மன் தேசத்து ஹனோவர்க்காரியான அவர் மனைவி, விசிறியும் கையுமாக. பின் பெஞ்சுகளில் ஊரிலுள்ள ஜெர்மன்காரர்கள் எல்லாரும் வந்து அடைந்திருந்தார்கள். வண்டிப் பட்டறைக்காரர்கள், தையற்காரர்கள், பழைய பட்டாளத்துக்காரர்கள். பிறந்த ஊர் நாடகம் என்று பெண்டாட்டிகளையும் கூட்டிவந்திருந்தார்கள்.

பிரதியின் கடைசிப் பக்கத்தை யெப்தா விரித்தான். 'இதோ என் நீலக் கோட்டு, இனி இது உனக்கே.' அதன் ஓரத்தில், புறப்படுவதற்கு முன்னால் பொடி எழுத்தில் அவன் எழுதிவைத்திருந்தது: 'இன்று முதல் நீ யாருக்கும் சொந்தமில்லை.' அந்த எழுத்து தன் கையெழுத்து மாதிரியே அவனுக்குத் தெரியவில்லை.

திரை தூக்கினார்கள். முதல் அங்கம் எப்படிப் போனதென்று அவனுக்கே தெரியாது. கால் தட்டும், வாய் திறக்கும். அவன் கிசுகிசுத்தது ஒரு நொடி கழித்து மேலே முழக்கமாகக் கேட்கும். துரைக்குக் குரல் நல்ல குரல். கிசுகிசுப்பை வாங்கி அதற்கு ஏற்ற இறக்கம் கொடுத்து, புருவத்தை உயர்த்தி, சரியான இடத்தில் நிறுத்திப் பேசுகிற வித்தை அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. 'முள்ளங்கியா?' என்றபோது கொட்டகை அதிர்ந்தது. யெப்தாவுக்கு ஒரு கணம், பழக்கதோஷத்தில், பெருமையாகக்கூட இருந்தது. உடனே தன்மேல் அருவருப்பு வந்தது.

இரண்டாவது அங்கத்தில் பிரபு வேலைக்காரனின் செருப்பைத் துடைக்கும் காட்சி. மேடையில் துரை மண்டிபோட்டு, கோர்னேலிஸின் செருப்பில் எச்சில் துப்பித் தேய்த்தார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யெப்தாவின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், துரையின் வேர்த்த முகம். அவர் இவனைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்தார். நம் நாடகம் எப்படிப் போகிறது பார்த்தாயா என்று கேட்கிற கண். அதில் கள்ளமே இல்லை. இந்த மனிதர் என்னை நேசிக்கிறார், என் பெண்ணையும் கொடுத்துவிடப் போகிறார், இரண்டும் அவருக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று யெப்தா நினைத்தான். அடுத்த வசனம் இருந்த பக்கத்தைத் திருப்பினான்.

மூன்றாவது அங்கம் தொடங்கும்போது காற்று மூர்க்கமாகிவிட்டது. பக்கத் தட்டியின் இடுக்கில் கண்டாசா நிற்பது தெரிந்தது. அட்ரியானின் அடுத்த உடுப்பு அவள் கையில். அவள் மேடையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஆறு பக்கம். நான்கு. இரண்டு. பந்தயக் கெடு முடிந்து, கோர்னேலிஸ் பிரபுவின் தொப்பியைக் கழற்றித் துரையிடம் நீட்டி, "எடுத்துக்குங்க பிரபு. இதுக்குள்ள ரொம்பப் புழுக்கம்," என்றார். கைதட்டல். அட்ரியான் மாவு உதிர உதிர ஒரு மூலையில் விசும்பினான். துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டடி முன்னால் வந்து, கம்பீரமாக நின்று, ஒரு கையை உயர்த்தினார். வலது கால் இரண்டு தடவை தட்டியது.

யெப்தா வாயைத் திறந்தான். ஓரத்தில் எழுதிய வரி கண் முன்னால் இருந்தது. அது வரவில்லை. தூணும் சாட்டையும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததென்று சொன்னால் பாதிதான் உண்மை. பொய்யாகச் சொல்லவைத்த விடுதலை என் பிள்ளைக்கு எதற்கு என்று ஒரு வெறுப்பு அதற்கும் மேலே எழுந்து நாக்கைப் பிடித்தது. சரி, எழுதியதையே கொடுத்துத் தொலைக்கலாம் என்று மற்ற வரியைப் பார்த்தான். நீலக் கோட்டு. உதடு அசையவில்லை. ஆயுசு முழுக்க யார் கேட்டாலும் உடனே பதில் சொன்ன வாய், இரண்டில் எதையும் சொல்லமாட்டேன் என்று மூடிக்கொண்டது.

கால் மறுபடி தட்டியது. பலமாக.

கோர்னேலிஸ் கோட்டு வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். ஜனங்களில் சிலர் சிரித்தார்கள், கஞ்சப் பிரபு கொடுக்க மனமில்லாமல் தவிக்கிறார் என்று. அந்தச் சிரிப்பும் மெல்ல ஓய்ந்தது. கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும். துரை கைக்குட்டையைக் கீழே போட்டு, எடுப்பதுபோலக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், செத்துட்டியா? குடுடா!" என்றார். யெப்தா அவரை நேராகப் பார்த்தான். பிரதியை மூடினான். மூடியதை அவர் பார்த்தார்.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் இருந்த வெள்ளைப் பூச்சு நெற்றியிலிருந்து கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவர் உதடு இரண்டு தடவை வெறுமனே அசைந்தது. அப்புறம், மூழ்குகிறவன் கைக்கு எட்டியதைப் பிடிப்பதுபோல, வாய் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சோபாவில் சாய்ந்து ஆறு வாரமாக இருபது தடவை உரக்கப் படித்தது, லூபெக்கில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்டது, ஜெர்மன் மொழியில் அப்படியே வந்தது.

"ஹன்னெஸ். இன்று முதல் நீ யாருக்கும் சொந்தமில்லை. உன் பிள்ளையும் யாருக்கும் சொந்தமில்லை."

சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, எப்போதும் அந்த இடத்தில் உடைவதுபோலவே.

டச்சுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பின் பெஞ்சுகள் எழுந்து நின்றுவிட்டன. தொப்பிகள் மேலே பறந்தன. பலகைத் தரையைச் செருப்பால் இடித்தார்கள். பிறந்த ஊரைவிட்டு வந்து முப்பது வருடமான வண்டிப்பட்டறைக் கிழவர் ஒருவர் அழுதுகொண்டே இரண்டு கைகளையும் ஆட்டினார். பிறகு, யாரும் தொடங்காமலே எல்லாரும் ஒன்றாகத் தொடங்கியதுபோல, ஹன்னெஸின் அடுத்த வசனத்தை அவர்களே சொன்னார்கள். இந்த ஊர்ப் பிரதியில் இல்லாத வசனம். அவர்களில் பாதிப் பேருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்.

"வாயால சொன்னது போதாது பிரபு! மையால சொல்லுங்க!"

"என்னவாம்?" என்றார் கோர்னேலிஸ், நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல். "கோட்டு எங்கய்யா?"

முதல் வரிசையில் ஹனோவர்க்காரி விசிறியை மடக்கிவிட்டுக் கணவனின் சிவந்த காதருகே எதையோ சொன்னாள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மேடையைக் கவனமாகப் பார்த்தார்.

துரையின் முகம் மாறியது. பயம் போய், அங்கே வேறொன்று ஏறியது. இப்படி ஒரு ஆரவாரம் அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. பிறந்த மண் எழுந்து நின்று தன்னைக் கொண்டாடுகிறது என்று அவர் நெஞ்சு விம்மியது. "மையால! மையால!" என்று தரை அதிர்ந்தது. அவர் மேடையில் மேசையைத் தேடினார், காகிதத்தைத் தேடினார். கோட்டில் முடிகிற நாடகத்தில் அதெல்லாம் ஏது? "முதுகுல, முதுகுல! ஹன்னெஸ், குனி!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஜெர்மன் தேசத்தில் எப்போதும் அப்படித்தான் நடிப்பார்கள். அட்ரியான் விஷயம் புரிந்து, கோர்னேலிஸின் பிடரியைப் பிடித்து அழுத்தினான். அகலமான முதுகு மேடையில் மேசையாக விரிந்தது.

யெப்தாவின் கைகள் அவனைக் கேட்காமலே வேலை செய்தன. பிரதியின் கடைசியில் எழுதாத தாள் ஒன்று இருந்தது. அதைச் சீராகக் கிழித்தான். பேனாவை மையில் தோய்த்து, தாளையும் மைக்கூட்டையும் கூட்டுக்கு வெளியே, மேடைமேல் தள்ளினான்.

துரை அவற்றை எடுத்தார். ஒரு கையில் மைக்கூடும் ஒரு கையில் பேனாவுமாக, தாளை முதுகில் வைத்துவிட்டுக் குனிந்தார். கிறுக்கினால் போதும். கூட்டத்துக்குக் கிறுக்கல் போதும். ஆனால் அவர் பேனா அந்தரத்தில் நின்றது. ஹன்னெஸ் என்று எழுதுவதா, பிராண்டிஸ் என்று எழுதுவதா, என்ன எழுதுவது என்று தெரியாமல், வழக்கப்படி, யோசிக்காமல், வலது காலை இரண்டு தடவை தட்டினார்.

இந்தத் தடவை யெப்தா வாயை மூடிக்கொள்ளவில்லை. கிசுகிசுக்கவுமில்லை. முதல் வரிசைக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்திச் சொன்னான்.

"டேலியா. கண்டாசாவின் மகள். பிராண்டிஸ் வீடு."

துரை தலையைத் திருப்பிப் பெட்டிக்குள் பார்த்தார். அவர் கண்ணில் இப்போது கண்ணடிப்பு இல்லை. அரை நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேலே ஒருவர், கீழே ஒருவர். அவருக்குப் பின்னால் "மையால!" என்ற முழக்கம் குறையவில்லை. முன் வரிசையில் லண்டன் அதிகாரி மனைவியிடம் எதையோ கேட்டார், அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். பேனா முனையில் திரண்ட ஒரு சொட்டு விழாமல் தொங்கியது.

"யாராவது சீக்கிரம் முடிங்கய்யா," என்றார் கோர்னேலிஸ் கீழே பார்த்தபடி. "என் இடுப்பு போச்சு."

அந்த நேரத்தில் எங்கோ ஒரு கதவு கொண்டி விட்டுத் திறந்துகொண்டது. காற்று மேடையைக் குறுக்காக வாரியது. மெழுகுவத்திச் சுடர்கள் படுத்தன. தாளின் ஒரு முனை முதுகிலிருந்து கிளம்பிப் படபடத்தது. பக்கத் தட்டியிலிருந்து கண்டாசா வெளியே வந்தாள். அந்த மேடையில் பெண் ஒருத்தி கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வாயில் இன்னும் மூன்று குண்டூசிகள். யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்து வந்து, ரொட்டிக்காரரின் முதுகருகே மண்டிபோட்டு, தாளின் இரண்டு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஜனங்கள் இதுவும் நாடகம் என்று கைதட்டினார்கள். கோர்னேலிஸ் மூச்சு விட விடத் தாள் ஏறி இறங்கியது, அதோடு அவள் கைகளும் ஏறி இறங்கின, அவற்றுக்கு நடுவே, வெள்ளையாக, துரையின் பேனாவுக்கு ஒரு விரல்கடை இடம்.